குழுவுக்குப் புள்ளி கொடுத்தால் வகுப்பு அடங்குமா?

தேவகோட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். வகுப்பில் 34 பிள்ளைகள். பாடம் ஆரம்பித்த பத்து நிமிடத்துக்குள் சத்தம் கூடிவிடுகிறது. தனித்தனியாக ஸ்டார் ஒட்டிப் பார்த்தார். அதே நாலைந்து பேர்தான் வாங்குகிறார்கள், மற்றவர்கள் 'நமக்கு எங்கே கிடைக்கப்போகுது' என்று விட்டுவிட்டார்கள். சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்துப் புள்ளி கொடுக்கலாமா, பரிசாக எதைக் கொடுப்பது, எல்லாவற்றையும் கெடுக்கிற ஒரே ஒரு பையனை என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

தாராளமாகச் செய்யலாம், டீச்சர். பலன் இருக்கும். ஆனால் குழுக்களை ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். 'எந்தக் குழு முதலில்' என்று வைத்தால் முதல் வாரம் வகுப்பு கப்சிப் என்று இருக்கும். அப்புறம் 'உன்னாலதான்டா போச்சு' என்ற சண்டை ஆரம்பித்து, பள்ளி விட்ட பிறகு பஸ் ஸ்டாப் வரை போகும். எல்லாக் குழுவும் தொடக்கூடிய ஓர் அளவை வைத்து, அதைத் தொட்ட அத்தனை பேருக்கும் பரிசு என்று வையுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

இந்த முறைக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் வயதாகிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பேரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்ற மூவர் ஒரு நாலாம் வகுப்பில் செய்து பார்த்து 1969-இல் வெளியிட்டார்கள். 24 பிள்ளைகள், இரண்டு அணி. கேட்காமல் எழுந்தாலோ கத்திப் பேசினாலோ அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைந்த அணிக்குப் பரிசு. கூடவே இன்னொரு விதியும் இருந்தது: இரண்டு அணியுமே குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் இருந்துவிட்டால் இரண்டுக்குமே பரிசு. நாம் செய்யும்போது இந்தப் பின்பாதியைத்தான் விட்டுவிடுகிறோம். ஆட்டம் நடந்தபோது கூச்சல் நன்றாகக் குறைந்தது, நிறுத்தியபோது திரும்பி வந்தது, மறுபடி ஆரம்பித்ததும் குறைந்தது. பின்னால் 1980-களில் பால்டிமோர் நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் இதையே நடத்தி, அவர்கள் பெரியவர்களாகும் வரை விவரம் சேகரித்தார்கள். சின்ன வயதில் ரொம்ப முரட்டுத்தனமாக இருந்த பையன்களுக்குத்தான் பலன் அதிகம் என்று தெரிந்தது; இளைஞர்களான பிறகு போதைப் பழக்கச் சிக்கல் அவர்களிடம் குறைவாக இருந்தது. உங்களுக்குத் தலைவலியாக இருக்கிற அந்தப் பையனை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மோதவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1954-இல் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 11, 12 வயதுப் பையன்களை இரண்டு குழுவாக்கிப் போட்டி வைத்தார், ஜெயித்தவர்களுக்கு மட்டும் பரிசு. எல்லாம் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள், முன்பகை எதுவும் கிடையாது. சில நாளில் கொடியை எரித்தார்கள், ஒருவர் தங்கும் இடத்தை மற்றவர் சூறையாடினார்கள். சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டதில் சரியாகவில்லை. தண்ணீர் வரத்து நின்றுவிட்டது, எல்லோரும் சேர்ந்து பார்த்தால்தான் சரிசெய்ய முடியும் என்கிற மாதிரி பொது வேலைகளைக் கொடுத்த பிறகுதான் ஒட்டினார்கள். நம் வகுப்பில் கொடி எரியாது. ஆனால் 'அந்தக் குழுகூடப் பேசாதே' என்பது வரும், அது போதும் ஒரு வருடத்தைக் கெடுக்க.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

முதலில் எண்ணுங்கள். நாலு நாள், தினமும் ஒரே ஒரு பீரியட், சத்தத்துக்காக நீங்கள் பாடத்தை எத்தனை தடவை நிறுத்தினீர்கள் என்று நோட்டில் கோடு போடுங்கள். இந்த எண் கையில் இல்லாவிட்டால் பிறகு முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று அன்றைய மனநிலையை வைத்துத்தான் முடிவு கட்டுவீர்கள். களைப்பான நாளில் எல்லா வகுப்பும் மோசமாகத்தான் தெரியும்.

34 பேர் என்றால் ஐந்து பேராக ஆறு குழு, நாலு பேரில் ஒன்று. அதற்கு மேல் குழு பெரிதானால் கடைசியில் இருக்கும் பிள்ளை ஒளிந்துகொள்ளும். யாரை யாரோடு போடுவது என்பதை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், பிள்ளைகள் தேர்வுக்கு விடாதீர்கள். விட்டால் தெருவாரியாகத்தான் சேருவார்கள், தெரு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது நம் ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவிலும் வாய் ஓயாத பிள்ளை ஒன்று, வாயே திறக்காத பிள்ளை ஒன்று, ஆணும் பெண்ணும் கலந்து இருக்கட்டும். நாலு வாரத்துக்கு ஒரு முறை கலைத்து மாற்றிப் போட்டுவிடுங்கள். ஒரு வருடம் முழுக்க ஒரே குழுவில் வைத்தால் அது கட்சி ஆகிவிடும்.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்ப உட்காரவைப்பதை அப்படியே இதற்கும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தப் பிரிவு எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்று பார்ப்பதற்காக. அதன்மேல் நடத்தைப் புள்ளியை ஏற்றினால், படிப்பு மெதுவாக வரும் பிள்ளைகளுக்கு 'நாங்க எதுலயுமே ஜெயிக்க மாட்டோம்' என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

குழுவுக்குப் பேர் வைக்கும்போது நடிகர், கட்சி, தலைவர், குலசாமி எதுவும் கூடாது. நான் பறவைப் பேர் வைப்பேன். நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறதே, அங்கே வரும் பறவைகள்: நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கொக்கு. அந்தச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரண்டுவிடும் என்று ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. உங்கள் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். 'அந்த ஊர்ல உங்க வயசுப் பிள்ளைகளும்தானே இருக்காங்க, அவங்க எப்படி இருக்காங்க' என்று பேச்சை எடுத்தால், எல்லோரும் சேர்ந்து ஒன்றுக்காக அடங்கியிருப்பது என்ன என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது, அவர்களே சொல்வார்கள்.

அடுத்தது, எதற்குப் புள்ளி? 'நல்ல பிள்ளையாக இரு', 'அமைதி' என்பதெல்லாம் பிள்ளைக்குக் கையில் பிடிபடாது. கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டே இரண்டு. மணி அடித்து ஒரு நிமிடத்துக்குள் நோட்டும் பேனாவும் மேசைமேல். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கை உயர்த்திக் காத்திருப்பது. இந்த இரண்டையும் சார்ட்டில் எழுதி ஒட்டி, முதல் நாள் நடித்தே காட்டுங்கள். தப்பாகச் செய்வது எப்படி என்றும் அவர்களை நடிக்கச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே பதிந்துவிடும். இரண்டும் பழகிய பிறகு மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம்.

புள்ளியைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். பலகையில் எழுதினால் ஏழு எண்ணும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நின்று, நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய போட்டியை அதுவே உண்டாக்கிவிடும். நான் சொல்வது எவர்சில்வர் டம்ளரும் புளியங்கொட்டையும். ஒவ்வொரு குழுவின் நடுவிலும் ஒரு டம்ளர். பாடம் நடத்திக்கொண்டே நடக்கும்போது உங்கள் உள்ளங்கையில் கொட்டை இருக்கட்டும். செய்ய வேண்டியதைச் செய்கிற குழுவின் டம்ளரில் ஒன்றைப் போட்டுவிட்டு, 'நீர்க்காகம், வள்ளி பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தீங்க' என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். டம்ளருக்குள் 'டங்' என்று விழும் அந்தச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்கும். பக்கத்துக் குழுவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவன் நிமிர்வான், ஒருத்தி இன்னொருத்தியின் நோட்டைத் திறந்து வைப்பாள். 'பேசாதே' என்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். நம்மூர்ப் பனையோலைக் கொட்டானில் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொட்டை விழுவது கேட்காது, பாதிப் பலன் அந்தச் சத்தத்தில்தான்.

ஒரு பீரியடில் எட்டு, பத்து தடவை சுற்றி வருவீர்கள் என்றால் ஆறு கொட்டை சேர்ந்த குழுவுக்கு அன்றைய பரிசு என்று வையுங்கள். முதல் வாரம் கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அளவு அதிகம், உடனே குறையுங்கள். எப்போது சுற்றுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஒழுங்கான இடைவெளியில் போனால் பிள்ளைகள் இரண்டே நாளில் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

போட்ட கொட்டையைத் திரும்ப எடுக்கவே எடுக்காதீர்கள். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. கோபத்தில் டம்ளரைக் கவிழ்க்கத் தோன்றும் நாள் வரும். கவிழ்த்தால் அந்தக் குழுவுக்கு அன்றைக்கு இழக்க எதுவுமில்லை. மீதி நேரம் முழுக்க உங்களோடு மல்லுக்கட்டுவார்கள். அதேபோல லீடரை விட்டு 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதவைக்கும் பழக்கத்தையும் இதோடு நிறுத்திவிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி கூடிக்கொண்டே போவதும், மிட்டாய் வாங்கித் தந்தால் பெயர் அழிவதும் நாமெல்லாம் பார்த்ததுதான். குழுவில் டம்ளரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு மாறட்டும். அவருக்கு வேலை எண்ணுவது மட்டும், யாரையும் கண்காணிப்பது கிடையாது.

பரிசு. இதில்தான் நிறையப் பேர் காசைச் செலவழித்து நொந்துபோகிறார்கள். சாக்லேட், பேனா, பென்சில் பாக்ஸ் வேண்டாம். முதலில் உங்கள் சம்பளத்தில் ஓட்டை. இரண்டாவது, அடுத்த வருட டீச்சர் வாங்கித் தரவில்லை என்றால் பிள்ளைகளுக்கு அவர் கெட்டவர். மூன்றாவது, பொருள் மேல் கண் போய்விட்டால் செய்கிற காரியத்தின் மேலிருக்கும் ஆசை குறைகிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்பவர்கள் மழலைப் பள்ளியில் இதைச் செய்து பார்த்தார்கள். தானாகவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அவர்கள் வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் பாதி அளவுக்கு இறங்கியிருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிச் செய்கிற எதற்கும் புள்ளி வைக்காதீர்கள். கதைப் புத்தகத்தைத் தானாக எடுக்கிற பிள்ளைக்கு அதற்காகக் கொட்டை போட வேண்டாம்.

பரிசாகக் கொடுக்க வேண்டியது நேரமும் உரிமையும். கடைசிப் பத்து நிமிடம் பல்லாங்குழி. காய்க்குத்தான் புளியங்கொட்டை இருக்கிறதே. மறுநாள் தமிழ்ப் பாடத்தை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படிப்பது. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குழு விடுகதை போடுவது. பள்ளி மணியை அடிப்பது. இதற்கு இருக்கிற மவுசு உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், தலைமை ஆசிரியரிடம் முன்னாலேயே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எது பிடிக்கும் என்று அவர்களையே கேட்டு ஒரு பட்டியல் போட்டு, சீட்டுக் குலுக்கி எடுங்கள். என்ன வரும் என்று தெரியாதபோது ஆர்வம் தாங்குகிறது.

அவர்களுக்கு உரியதை எடுத்துப் பரிசாகத் தராதீர்கள். விளையாட்டுப் பீரியட் எல்லோருக்கும் உரியது. சாப்பாடும் அப்படித்தான். கான்சஸ் வகுப்பில் ஜெயித்த அணியை மதியச் சாப்பாட்டு வரிசையில் முதலில் விட்டார்கள். காலை உணவும் சத்துணவும் நம்பி வருகிற பிள்ளைகள் இருக்கும் நம் பள்ளியில், வரிசையில் முன்னே பின்னே என்பதைக்கூட நான் பரிசாக வைக்க மாட்டேன்.

அந்தப் பையனிடம் வருவோம். அவன் எழுந்தால் குழுவுக்குக் கொட்டை இல்லை என்று வைத்தால், குழு அவனை முறைக்கும், பள்ளி விட்டதும் நாலு சாத்து சாத்தும். 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. நாம் கம்பைக் கீழே வைத்துவிட்டு அந்த வேலையைச் சக பிள்ளைகளிடம் ஒப்படைத்ததாக ஆகிவிடக் கூடாது. 1969 சோதனையிலும் இரண்டு பிள்ளைகள் 'நாங்க ஆடல' என்று நின்றார்கள்; அவர்களுக்காக அணியைத் தண்டிப்பது நியாயமில்லை என்று அவர்களைத் தனியாகப் பிரித்துத்தான் தொடர்ந்தார்கள். நான் அப்படிப் பிரிக்கவும் மாட்டேன், அவனால் குழு இழக்கவும் விட மாட்டேன். மற்ற நாலு பேரும் செய்கிறார்கள் என்றால் அவன் எழுந்து நின்றாலும் அந்தக் குழுவுக்குக் கொட்டை உண்டு. இதை வெளியில் அறிவிக்க வேண்டாம், உங்கள் கண்ணுக்கு மட்டும் ஒரு சலுகை.

அவனுக்குத் தனியாக வேறு ஒன்று. ஒரு சீட்டில் ஒரு பேரை எழுதி மடித்து மேசைமேல் வையுங்கள். 'இன்னிக்கு இதுக்குள்ள ஒருத்தர் பேர் இருக்கு. அவர் இந்தப் பீரியட் முழுக்க ரெண்டு விதியையும் காப்பாத்திட்டா வகுப்பு மொத்தத்துக்கும் ஒரு கதை' என்று சொல்லுங்கள். செய்துவிட்டால் சீட்டைப் பிரித்துப் பேரைப் படியுங்கள். செய்யவில்லை என்றால் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுங்கள். யார் என்று யாருக்கும் தெரியாது, யாரும் யாரையும் பழிக்க முடியாது. நாலு நாள் வேறு பிள்ளைகள் பேர். ஐந்தாம் நாள் அவன் பேர், அதுவும் அவனுக்குத் தாங்கக்கூடிய கால் மணி நேரத்துக்கு. எங்கள் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். பெஞ்சில் ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி எந்த நிமிடமும் ஓடத் தயாராகவே உட்கார்ந்திருப்பான். சீட்டைப் பிரித்து அவன் பேரைப் படித்ததும் அவனே நம்பவில்லை, எழுந்து வந்து சீட்டை வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தான். பின் பெஞ்சிலிருந்து 'டேய், உன்னாலதான்டா கதை' என்று ஒரு குரல். அவனைப் பார்த்து 'உன்னாலதான்' என்று எப்போதும் சொல்கிறவர்கள்தான் அன்றைக்கும் சொன்னார்கள். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதற்கு முன்னால் அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்று பார்த்துவிடுங்கள். காது சரியாகக் கேட்கிறதா, பலகை தெரிகிறதா, எழுத்தைச் சேர்த்துப் படிக்க வருகிறதா. படிக்கத் தெரியாததை மறைக்கச் சேட்டை செய்கிற பிள்ளைகள் நிறைய. ஒரு வேளை கவனக் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் பேசுங்கள். எத்தனை புளியங்கொட்டை போட்டாலும் அதற்கு ஈடாகாது.

ஊர் நாள்களையும் கணக்கில் வையுங்கள். காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனித் திருவிழா நடக்கும் சமயம், பாதிப் பிள்ளைகள் ராத்திரி முழிப்போடு வரும். அந்த வாரம் ஆறு கொட்டையை நாலாக்கிவிடுங்கள். பெற்றோரிடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். 'எங்க புள்ளைக்கு ஏன் பரிசு வரல' என்ற பேச்சு வராது.

கடைசியாக, இதை எப்படி விலக்குவது. டம்ளர் வருடம் முழுக்க இருக்கக் கூடாது. ஒரு மாதம் போல ஒழுங்காக ஓடி, உங்கள் நோட்டில் கோடுகள் பாதியாகக் குறைந்திருந்தால், தினமும் எல்லாப் பீரியடும் என்பதை ஏதோ ஒரு பீரியட் என்று ஆக்குங்கள், எந்தப் பீரியட் என்பதை முடிந்த பிறகு சொல்லுங்கள். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள். அப்புறம் வெள்ளிக்கிழமை மட்டும், கொட்டையைப் பிள்ளைகளே போட்டுக்கொள்ளட்டும்: 'இந்த வாரம் நாம எத்தனை போட்டுக்கலாம், ஏன்' என்று குழுவுக்குள் பேசி முடிவு செய்வார்கள். நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் போட்டுக்கொள்வார்கள், பாருங்கள். அந்தக் கட்டத்தில் ஏழு டம்ளரையும் சேர்த்து ஒரே பெரிய பாத்திரமாக்கி, அது நிறைந்தால் வகுப்புக்கே ஒரு நாள் வேட்டங்குடி என்று வைக்க முடிந்தால் ரொம்ப நல்லது. மழை முடிந்து மார்கழி, தை மாதத்தில் பறவைகள் நிறைய இருக்கும்.

காலாண்டு, அரையாண்டு லீவு முடிந்து வரும் முதல் வாரம் பழைய சத்தம் திரும்பும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டம்ளர்களைத் திரும்ப எடுத்து வைத்து, ஆறு கொட்டைக் கணக்கில் நாலைந்து நாள் ஓட்டினால் போதும். இரண்டாம் தடவை சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.